யூரியா போட்டால் விளைச்சல் கூடும், மணியில் சத்து கூடுமா? – வாசகர் கேள்வி பதில்

தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்த நிலத்தில் கம்பு, கேழ்வரகு, தினை, சாமை பயிரிடுவோரிடமிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம். எவ்வளவு விளையும் என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. விளைந்த மணியில் என்ன இருக்கிறது என்று கேட்டு இத்தனை பேர் எழுதியிருப்பது மகிழ்ச்சி தருகிறது.

கேள்வி: எங்கள் நிலம் மணற்பாங்கானது. மண் பரிசோதனையில் தழைச்சத்து ஹெக்டேருக்கு 170 கிலோ, அங்ககக் கரிமம் 0.3 சதவீதம். இரண்டு பருவமாகக் கம்புக்கு யூரியா மட்டும் கொடுத்து நல்ல விளைச்சல் எடுத்தேன். ஆனால் தானியத்தைப் பரிசோதித்தபோது புரதம் முன்பைவிடக் குறைந்திருக்கிறது. யூரியா புரதத்தைக் குறைக்குமா?

பதில்: குறைக்காது. மணிகள் பெருகியதால் இருக்கும் புரதம் பங்கு போய்விட்டது, அவ்வளவுதான். தழைச்சத்து ஹெக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழ் இருந்தாலே குறைவு என்போம். உங்களுடையது மிகவும் குறைவு. அப்படிப்பட்ட நிலத்தில் முதலில் கொடுக்கும் தழைச்சத்தைப் பயிர் தூர் கட்டவும், இலை விரிக்கவும், கதிரில் மணிகளின் எண்ணிக்கையைக் கூட்டவுமே செலவழிக்கும். மணிக்குள் புரதமாகப் போய்ச் சேர மிச்சம் இருக்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உரமே இல்லாமல் ஏக்கருக்கு 300 கிலோ, புரதம் 10.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மொத்தப் புரதம் 31.5 கிலோ. தழைச்சத்து கொடுத்து 650 கிலோ எடுத்து, புரதம் 9.5 சதவீதமாக இறங்கினாலும் மொத்தம் கிட்டத்தட்ட 62 கிலோ. நிலம் தந்த புரதம் இரண்டு மடங்கு. சதவீதம் மட்டும் சரிந்திருக்கிறது. இதற்கு அடுத்த கட்டத்தில் விளைச்சலும் புரதமும் சேர்ந்து ஏறும். அதையும் தாண்டினால் விளைச்சல் நின்றுவிடும், புரதம் மட்டும் ஏறும், கூடவே பயிர் சாயத் தொடங்கும். நீங்கள் முதல் கட்டத்தில் இருக்கிறீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டு பருவம் யூரியா மட்டுமே கொடுத்து இரு மடங்கு விளைச்சல் எடுத்தால், கந்தகமும் துத்தநாகமும் மண்ணிலிருந்து அதே வேகத்தில் வெளியேறியிருக்கும். தழைச்சத்துப் பற்றாக்குறையைத் தீர்த்ததும் அடுத்து எது குறைகிறதோ அதுதான் மணியின் தரத்தைத் தீர்மானிக்கும். மூன்றாம் பருவமும் யூரியாவைக் கூட்டிக்கொண்டே போவது இதற்கு மருந்தாகாது.

பரிசோதனை அறிக்கையையும் ஒரு முறை சரிபாருங்கள். மணியில் உள்ள நைட்ரஜனை ஓர் எண்ணால் பெருக்கித்தான் புரதம் கணக்கிடுகிறார்கள். சில ஆய்வகங்கள் 6.25 என்ற எண்ணையும், சில 5.83 என்ற எண்ணையும் பயன்படுத்துகின்றன. 1.76 சதவீத நைட்ரஜன் உள்ள ஒரே மணி, முதல் கணக்கில் 11 சதவீதப் புரதம், இரண்டாம் கணக்கில் 10.3 சதவீதம். ஈரப்பதத்தைக் கழித்தார்களா என்பதும் முக்கியம். இந்த இரண்டும் ஒன்றாக இல்லாத இரு அறிக்கைகளை ஒப்பிட்டுப் பயனில்லை.

கேள்வி: யூரியா, அம்மோனியம் சல்பேட், கால்சியம் அம்மோனியம் நைட்ரேட், டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்), தழை, மணி, சாம்பல் சத்துகள் 17 சதவீதம் வீதம் உள்ள 17:17:17 கலப்புரம். மணியின் தரத்துக்கு எது நல்லது?

பதில்: எந்த மூட்டையிலிருந்து வந்தாலும் வேர் எடுப்பது அம்மோனியமாகவோ நைட்ரேட்டாகவோதான். மூட்டைக்கு மூட்டை வேறுபடுவது இரண்டு விஷயங்கள்: போட்டதில் எவ்வளவு வீணாகிறது, தழைச்சத்தோடு துணைக்கு எது வருகிறது.

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. வேறு எதுவும் இல்லை. மண்ணில் உள்ள யூரியேஸ் நொதி அதை அம்மோனியம் கார்பனேட்டாக மாற்றும்போது, குருணையைச் சுற்றியுள்ள மண் சற்று நேரம் கடும் காரமாகிவிடும். அப்போது அம்மோனியா வாயுவாகக் கிளம்பும். களிமண் இருந்தால் பிடித்துவைக்கும். மணலுக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. காலைப் பனியில் நனைந்த மண்ணில் தூவிய யூரியா பத்து மணிக்குள் கண்ணில் படாமல் போய்விடும். உள்ளே இறங்கிவிட்டது என்று நினைப்போம். கரைந்தது உண்மைதான், ஆனால் மேல்மண்ணின் முதல் சென்டிமீட்டரிலேயே நிற்கிறது; வெயில் ஏற ஏற ஆவியாகிக்கொண்டிருக்கிறது. யூரியாவைக் கரைக்கப் போதுமான ஈரம், உள்ளே இழுக்கப் போதாத ஈரம்: இதைவிட மோசமான நேரம் இல்லை. 5 சென்டிமீட்டர் ஆழத்தில் மண் அணைத்துவிடுங்கள், அல்லது 24 மணி நேரத்துக்குள் 10 முதல் 15 மில்லிமீட்டர் நீர் கிடைக்கும்படி போடுங்கள்.

அம்மோனியம் சல்பேட்டில் தழைச்சத்து 20.5 சதவீதம்தான். ஆனால் கந்தகம் 23 சதவீதத்துக்கு மேல் உண்டு. மெத்தியோனின், சிஸ்டைன் என்ற இரண்டு அமினோ அமிலங்களைப் பயிர் கந்தகம் இல்லாமல் உருவாக்க முடியாது. பருப்பு வகைகளில் குறைவாக உள்ள மெத்தியோனின் சிறுதானியங்களில் நன்றாகவே இருக்கிறது. அவற்றின் பெருமைகளில் அதுவும் ஒன்று. தழைச்சத்தை மட்டும் ஏற்றிக் கந்தகத்தை மறந்தால், மணி கந்தகம் தேவைப்படாத புரதங்களைக் கட்டிக்கொள்ளும். அறிக்கையில் புரதச் சதவீதம் அழகாக இருக்கும், உள்ளே மெத்தியோனின் இளைத்திருக்கும். அமில மண்ணில் மட்டும் இந்த உரத்தைத் தொடர்ந்து போடாதீர்கள். 100 கிலோ அம்மோனியம் சல்பேட் உண்டாக்கும் அமிலத்தைச் சரிக்கட்ட ஏறத்தாழ 110 கிலோ சுண்ணாம்புத் தூள் வேண்டும்.

கால்சியம் அம்மோனியம் நைட்ரேட்டில் பாதி நைட்ரேட். ஆவியாவது மிகக் குறைவு; ஆனால் ஒரு பெருமழை பெய்தால் நைட்ரேட் வேருக்குக் கீழே போய்விடும். மணல் நிலத்தில் அடியுரமாக வேண்டாம். மேலுரமாக, லேசான ஈரத்தில் போட இது நல்ல உரம். 17:17:17 போட்டுத் தழைச்சத்துத் தேவையை நிரப்பினால் அதே அளவு மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) போய்ச் சேரும். சிறுதானியத்துக்கு அது மிகுதி, அதன் விளைவைக் கீழே சொல்கிறோம்.

மானாவாரிக் கம்புக்கு ஏக்கருக்கு 16 கிலோ தழைச்சத்து, 8 கிலோ மணிச்சத்து என்ற அளவை எடுத்துக்கொள்வோம். சூப்பர் பாஸ்பேட் 50 கிலோ, யூரியா 35 கிலோ என்று கொடுத்தால் கணக்கு சரி, கூடவே 5.5 கிலோ கந்தகம் வந்துவிடும், அந்த விளைச்சலுக்கு அது போதும். இதையே டிஏபி 17.5 கிலோ, யூரியா 28 கிலோ என்று கொடுத்தாலும் தழைச்சத்தும் மணிச்சத்தும் சரியாக இருக்கும், கந்தகம் சுழியம். இந்த இரண்டில் எங்கள் தேர்வு சூப்பர் பாஸ்பேட்தான். மூட்டை கனம், தூவும் வேலை கூடுதல். ஆனாலும் மணிக்கு அது நல்லது. டிஏபியை விட முடியாதவர்கள், தழைச்சத்தில் பாதியை 39 கிலோ அம்மோனியம் சல்பேட்டாகக் கொடுத்து யூரியாவை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம்.

யூரியாவையும் சூப்பர் பாஸ்பேட்டையும் கலந்து இரவு முழுக்க வைக்காதீர்கள். நீர் விட்டுச் சேறாகிவிடும். அம்மோனியம் சல்பேட், டிஏபி இரண்டோடும் சுண்ணாம்போ அடுப்புச் சாம்பலோ சேரக்கூடாது. கலந்த உடனே மூக்கில் ஏறும் நெடி, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து.

கேள்வி: மேலுரத்தை எப்போது கொடுத்தால் புரதம் கூடும்? கதிர் வந்தபின் கொடுத்தால் பலன் உண்டா?

பதில்: மணிக்குள் சேரும் தழைச்சத்தில் பெரும்பகுதி, பூப்பதற்கு முன்பே இலையிலும் தண்டிலும் சேமித்தது. கதிர் பால் பிடிக்கும்போது கீழ் இலைகள் அதை விடுவித்து மேலே அனுப்புகின்றன. ஆகவே கதிர் வந்தபின் மட்டும் ஊட்டிச் சரிசெய்ய முடியாது. முழு உரத்தையும் விதைக்கும்போதே கொட்டினாலும் மணல் நிலத்தில் நிற்காது.

மூன்று தவணை சரியாக வரும். ஏக்கருக்கு மேலே சொன்ன 16 கிலோ தழைச்சத்தில் 4 கிலோ விதைக்கும்போது, 8 கிலோ களையெடுத்துப் பயிர் கலைத்தபின் 20 முதல் 25 நாளில், மீதி 4 கிலோ கதிர் வெளிவருவதற்குச் சற்று முன், 35 முதல் 40 நாளில். யூரியாக் கணக்கில் இவை 8.7, 17.4, 8.7 கிலோ. களை எடுப்பதற்கு முன் மேலுரம் போட்டால் களைதான் முதலில் சாப்பிடும். மழை இல்லாமல் மண் காய்ந்திருந்தால் மூன்றாம் தவணையைத் தள்ளிப்போடுங்கள், தேவைப்பட்டால் விட்டுவிடுங்கள்.

அப்படி விட்ட இடத்தில் இலைவழி தெளிப்பு கைகொடுக்கும். 200 லிட்டர் நீரில் 4 கிலோ யூரியா, அதாவது 2 சதவீதக் கரைசல், ஓர் ஏக்கருக்கு. இதில் 1.84 கிலோ தழைச்சத்து இருக்கிறது. ஏக்கருக்கு 800 கிலோ மணி விளையும் வயலில் புரதத்தை ஒரு சதவீதப் புள்ளி உயர்த்தத் தேவைப்படுவது 8 கிலோ புரதம், அதாவது 1.28 கிலோ நைட்ரஜன். தெளித்ததில் பாதி மணிக்குப் போனாலே 0.7 புள்ளி ஏறும். மண்ணில் போடும் 4 கிலோவில் பெரும்பகுதி எங்கெங்கோ போகும் நிலத்தில் இது சிறிய லாபமல்ல.

நேரம் தவறினால் பயனில்லை. கதிரின் நடுப்பகுதியிலிருந்து ஒரு மணியை எடுத்து நகத்தால் அழுத்துங்கள். தெளிந்த நீர் தெறித்தால் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். பாலாக வெள்ளை வந்தால் அன்று மாலையே தெளியுங்கள். மாவுபோல் பிசுபிசுத்தால் நேரம் கடந்துவிட்டது. நடுப்பகல் வெயிலில் தெளித்தால் இலை நுனி கருகும். யூரியாவில் பையூரெட் என்ற மாசு 1.5 சதவீதத்துக்கு மேல் இருந்தாலும் கருகும். பழைய, கட்டிதட்டிய யூரியாவைத் தெளிப்புக்கு எடுக்காதீர்கள். பூத்து மகரந்தம் உதிரும் நாட்களில் காலை நேரத் தெளிப்பையும் தவிர்க்க வேண்டும்.

கேள்வி: இப்படி உரத்தால் ஏற்றிய புரதம் நல்ல புரதமா?

பதில்: நியாயமான கேள்வி. தழைச்சத்து கூடும்போது மணியில் அதிகம் சேர்வது புரோலமின் என்ற சேமிப்புப் புரதம்; அதில் லைசின் மிகக் குறைவு. அதனால் 100 கிராம் புரதத்தில் லைசினின் பங்கு இறங்கும். ஆனால் 100 கிராம் மணியில் எவ்வளவு என்று கணக்கிட்டால் லைசின் குறைவதில்லை. பெரும்பாலும் சற்றுக் கூடவே இருக்கும். புரதம் 12 சதவீதமானதால் எல்லாத் தரமும் அதே அளவு ஏறிவிட்டது என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். உரம் போட்டுப் புரதமே கெட்டுவிட்டது என்று சொல்பவரையும் நம்ப வேண்டாம்.

கேள்வி: பல ஆண்டுகளாக ஒவ்வொரு பருவமும் டிஏபி போடுகிறேன். கம்பில் துத்தநாகம் குறைவு என்று அறிக்கை வந்திருக்கிறது. தொடர்பு உண்டா?

பதில்: உண்டு, இரண்டு வழிகளில். மணிச்சத்து மிகுந்தால் வேரோடு கூடி வாழும் வேர்ப்பூஞ்சை குறையும். மண்ணின் சின்னச்சின்ன இடுக்குகளிலிருந்து துத்தநாகத்தைக் கொண்டுவந்து கொடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இது முதல் வழி. இரண்டாவது, மணிக்குள் வரும் பாஸ்பரஸில் ஏறத்தாழ முக்கால் பங்கு பைட்டேட் என்ற வடிவில் சேமிக்கப்படுகிறது. பைட்டேட் இரும்பையும் துத்தநாகத்தையும் இறுகப் பிடித்துக்கொள்ளும். மணியில் இருந்தும் உடலில் சேராது.

அறிக்கையில் பைட்டேட் அளவும் கேட்டு வாங்குங்கள். பைட்டேட் மில்லிகிராமை 660-ஆலும், துத்தநாக மில்லிகிராமை 65.4-ஆலும் வகுத்து, முதல் விடையை இரண்டாம் விடையால் வகுக்க வேண்டும். 100 கிராமில் பைட்டேட் 700, துத்தநாகம் 2.8 மில்லிகிராம் என்றால் விகிதம் 25 அருகே வரும். பைட்டேட் 900 ஆக ஏறி, துத்தநாகம் 2.4 ஆக இறங்கினால் 37. இந்த விகிதம் 15-ஐத் தாண்டினாலே துத்தநாகம் உடலில் சேர்வது கடினம் என்பது பொதுவான வரையறை. இரண்டு எண்களும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தாலும் விகிதம் எவ்வளவு தாவுகிறது பாருங்கள்.

இதைப் படித்துவிட்டு மணிச்சத்தையே நிறுத்திவிடாதீர்கள். தழைச்சத்து இல்லாத மணல் நிலத்தில் பெரும்பாலும் மணிச்சத்தும் இருக்காது. அது இல்லாமல் வேர் ஓடாது, வேர் ஓடாமல் நீங்கள் போடும் தழைச்சத்து பயிருக்குச் சேராது. மண்ணின் மணிச்சத்தை அளக்கும் ஓல்சன் முறையில் ஹெக்டேருக்கு 22 கிலோவுக்கு மேல் மணிச்சத்து காட்டினால் ஓரிரு பருவம் டிஏபியை நிறுத்தி, யூரியாவும் அம்மோனியம் சல்பேட்டும் மட்டும் கொடுங்கள். 11 கிலோவுக்குக் கீழ் இருந்தால் பரிந்துரைத்த அளவைப் போடத்தான் வேண்டும், கூடவே துத்தநாகமும்.

கேள்வி: துத்தநாகத்தை மண்ணில் போடுவதா, தெளிப்பதா? இரும்புக்கும் அதே முறையா?

பதில்: மண்ணில் போடுவது பெரும்பாலும் விளைச்சலுக்கு, கதிர் வந்தபின் தெளிப்பது மணிக்கு. மண்ணில் துத்தநாகம் 0.6 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் 0.6 பங்குக்கு) கீழ் இருந்தால் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து கடைசி உழவின்போது இடுங்கள். டிஏபி, சூப்பர் பாஸ்பேட் எதனோடும் கலந்து தூவ வேண்டாம். கரையாத துத்தநாக பாஸ்பேட்டாக மாறி மண்ணிலேயே கிடக்கும்.

தெளிப்புக்கு 200 லிட்டர் நீரில் 1 கிலோ துத்தநாக சல்பேட், 21 சதவீத வகை. மாவுபோல் இருக்கும் 33 சதவீத வகையானால் 600 கிராம் போதும். பொட்டலத்தைப் படிக்காமல் 1 கிலோ போட்டு இலையைக் கருக்குவது அடிக்கடி நடக்கும் தவறு. வெறும் துத்தநாகக் கரைசல் அமிலமாக இருப்பதால் அரை கிலோ நீர்த்த சுண்ணாம்பை முதல் நாளே தனி வாளியில் ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் வடித்துச் சேர்ப்பார்கள். அதைவிட எளிய வழி, சுண்ணாம்புக்குப் பதிலாக மேலே சொன்ன 4 கிலோ யூரியாவைச் சேர்ப்பது. பால் பருவத்தில் ஒரே தெளிப்பில் தழைச்சத்தும் துத்தநாகமும் போய்விடும். கதிர் வெளிவரும்போது ஒன்று, பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து இன்னொன்று என்று இரண்டு முறை தெளிப்பது நல்லது.

தழைச்சத்தும் துத்தநாகமும் கைகோத்து வேலை செய்பவை. தழைச்சத்து நன்றாகக் கிடைத்த பயிர்தான் துத்தநாகத்தையும் இரும்பையும் இலையிலிருந்து மணிக்கு ஏற்றிச் செல்லும் சேர்மங்களையும் புரதங்களையும் போதிய அளவில் உருவாக்குகிறது. கோதுமையில் இது மிகத் தெளிவாக நிறுவப்பட்டிருக்கிறது. பசித்துக் கிடக்கும் பயிரின் மேல் துத்தநாகத்தை மட்டும் தெளித்தால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது.

இரும்பு வேறு மாதிரி. 200 லிட்டருக்கு 2 கிலோ இரும்பு சல்பேட், 200 கிராம் சிட்ரிக் அமிலம் என்று தெளித்தால் வெளிறிய இளம் இலை பச்சையாகும். ஆனால் இலையிலிருந்து மணிக்கு இரும்பு எளிதில் நகராது. மணியில் இரும்பு வேண்டுமென்றால் ரகத்தை மாற்றுவதே வழி. வறண்ட நிலப் பயிர்களை ஆராயும் பன்னாட்டு நிறுவனமான இக்ரிசாட்டின் பங்களிப்பில் வந்த தனசக்தி கம்பு அதற்காகவே உருவாக்கப்பட்டது. இரும்புக் கரைசலில் சுண்ணாம்பு சேர்க்கக் கூடாது.

கேள்வி: ரசாயன உரம் வேண்டாம், தொழுவுரம் மட்டும் போடுகிறோம். ஏக்கருக்கு 5 டன் போட்டும் தினை 25 நாளில் மஞ்சளாகிறது. ஏன்?

பதில்: முதலில் எந்த இலை மஞ்சள் என்று பாருங்கள். கீழ் இலையின் நுனியில் தொடங்கி நடு நரம்பு வழியே உள்நோக்கி ஒரு கூர்முனைபோல் மஞ்சள் இறங்கினால் தழைச்சத்துக் குறை. மேலே புதிதாக வரும் இலை முழுவதும் வெளிறினால் கந்தகம். இளம் இலையின் அடிப்பகுதியில் நடு நரம்புக்கு இருபுறமும் வெள்ளைப் பட்டை தெரிந்தால் துத்தநாகம்.

கீழ் இலை என்றே வைத்துக்கொள்வோம். 5 டன் தொழுவுரத்தில், அரை சதவீதம் என்று எடுத்தால், 25 கிலோ தழைச்சத்து. அதில் முதல் பருவத்தில் பயிருக்குக் கிடைப்பது ஏறத்தாழ கால் பங்கு, அதாவது 6 கிலோ. தேவை 16 கிலோ. உரம் மட்காமல் வைக்கோலும் தட்டையும் தெரிந்தால் நிலைமை இன்னும் மோசம். சிறுதானியத் தட்டையில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 60 பங்குக்கு மேல் கரிமம் இருக்கும். அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய நைட்ரஜனை மண்ணிலிருந்தே இழுத்துக்கொள்ளும். பயிர் அந்த நேரத்தில் பட்டினி கிடக்கும். பிறகு அவை மடியும்போது திரும்பக் கிடைக்கும், ஆனால் தூர் கட்டும் பருவம் அதற்குள் போய்விடும்.

ஒரு கைப்பிடி உரத்தை எடுத்துப் பிசையுங்கள். சூடு இருந்தாலோ, எது வைக்கோல் எது சாணம் என்று பிரித்துச் சொல்ல முடிந்தாலோ இன்னும் ஆகவில்லை. நன்கு மட்கியதை விதைப்புக்கு மூன்று நான்கு வாரம் முன் இட்டு உழுதுவிடுங்கள். திறந்த வெளியில் வெயிலிலும் மழையிலும் கிடந்த குவியலில் அரை சதவீதத்தை எதிர்பார்க்க முடியாது.

மணியின் தரம் என்ற கோணத்தில் தொழுவுரத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அது மெதுவாக, பால் பிடிக்கும் நாட்கள் வரை தழைச்சத்து விடுகிறது. துத்தநாகமும் கந்தகமும் கொண்டுவருகிறது. மணலில் ஈரம் நிறுத்துகிறது. அதன் பலவீனம் முதல் 30 நாள். அந்த இடைவெளியைப் பிண்ணாக்கால் அடைக்கலாம். வேப்பம் பிண்ணாக்கில் ஏறத்தாழ 5 சதவீதம், கடலைப் பிண்ணாக்கில் 7 சதவீதம் தழைச்சத்து உண்டு. கொள்கை இடம்கொடுத்தால், 5 டன் தொழுவுரத்தோடு 20-ஆம் நாளில் 17 கிலோ யூரியா மட்டும் கொடுப்பது இப்படிப்பட்ட நிலத்துக்கு நாங்கள் அறிந்த மிகச் சிறந்த கூட்டு.

கேள்வி: கேழ்வரகில் கால்சியத்தைக் கூட்ட ஜிப்சம் போடலாமா?

பதில்: கந்தகத்துக்காகப் போடுங்கள், கால்சியத்துக்காக வேண்டாம். கால்சியம் நீரோடு இலைக்கு ஏறும், இலையிலிருந்து மணிக்கு இறங்காது. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவில் கால்சியம் இருப்பது அந்தப் பயிரின் இயல்பு. ரகத்துக்கு ரகம் அது நிறையவே மாறும். மண்ணில் கொட்டி அதை ஏற்ற முடியாது. கேழ்வரகில் தழைச்சத்தை மட்டும் அளவு மீறாதீர்கள். குலை நோய் கழுத்தில் விழுந்தால் மணி நிரம்பாமல் சாவியாகிவிடும், அதன்பிறகு தரத்தைப் பற்றிப் பேச ஒன்றுமிருக்காது.

கேள்வி: உரத்துக்கு மிகக் குறைவாகவே செலவழிக்க முடியும், மழையும் நிச்சயமில்லை. குழிக்கு ஒரு சிட்டிகை உரம் போடும் முறை சரிப்படுமா?

பதில்: நைஜர், மாலி, புர்கினா ஃபாசோ நாடுகளின் மணல் நிலங்களில் இக்ரிசாட் பரப்பிய நுண்ணளவு உரமுறை அது. கம்பு குழிக்கு 2 கிராம் டிஏபி, அல்லது மூன்று விரல் சிட்டிகையாக 6 கிராம் 15:15:15. ஹெக்டேருக்கு 10,000 குழி என்றால் 20 கிலோ, 60 கிலோ. விதையை ஒட்டிப் போட்டால் முளை கருகும். ஒரு விரல் தள்ளி, சற்று ஆழமாக. வேர் சீக்கிரம் ஓடுவதால் விளைச்சல் நன்றாகக் கூடும்.

ஆனால் 20 கிலோ டிஏபியில் தழைச்சத்து 3.6 கிலோ மட்டுமே. பயிர் எடுப்பதோ அதைப்போல் பல மடங்கு. கூடிய விளைச்சலுக்கான தழைச்சத்தை ஏற்கெனவே ஏழையான மண்தான் தருகிறது. மணியில் புரதம் இறங்குவது அதனால்தான். தட்டாம்பயற்றை ஊடுபயிராகவோ, அடுத்த பயிராகவோ வைத்து, முடிந்தால் தூர் கட்டும்போது குழிக்கு 2 கிராம் யூரியாவும் சேருங்கள். அது மட்டுமே ஹெக்டேருக்கு 9 கிலோ தழைச்சத்து.

கேள்வி: அசோஸ்பைரில்லம் என்ற நுண்ணுயிர் உரம் போட்டால் யூரியாவை விட்டுவிடலாமா?

பதில்: முடியாது. வேர் வளர்ச்சிக்கு உதவும், தழைச்சத்துத் தேவையில் ஒரு சிறு பங்கைக் குறைக்கும். அதில் விதைநேர்த்தி செய்த விதையை ரசாயன உரத்தோடு கலந்து விதைத்தால் அந்த நுண்ணுயிரும் செத்துவிடும்.

கேள்வி: கம்பில் சுடுமல்லி ஒட்டுண்ணி வருகிறது. உரத்தோடு தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. தழைச்சத்தும் மணிச்சத்தும் குறைந்த பயிரின் வேர் அதிகமாகக் கசியவிடும் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருள்தான் சுடுமல்லி விதையை முளைக்கவைக்கிறது. முதல் 25 நாளில் பயிர் பசிக்காமல் பார்த்துக்கொண்டால் முளைப்பு குறையும். பூப்பதற்கு முன் பிடுங்கி எரிப்பதையும் விடக்கூடாது.

கேள்வி: என் நிலத்தில் எந்தக் கூட்டு மணியின் தரத்தைக் கூட்டுகிறது என்று நானே எப்படிச் சோதிப்பது?

பதில்: 5 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளத்தில் பக்கம் பக்கமாக நான்கு பட்டைகள் பிரியுங்கள், ஒவ்வொன்றும் ஏக்கரில் நாற்பதில் ஒரு பங்கு. முதல் பட்டைக்குத் தொழுவுரம் மட்டும், 125 கிலோ. இரண்டாவதற்கு 440 கிராம் டிஏபி, 700 கிராம் யூரியா. மூன்றாவதற்கு 1.25 கிலோ சூப்பர் பாஸ்பேட், 870 கிராம் யூரியா. நான்காவதற்கு மூன்றாவதைப் போலவே கொடுத்து, பால் பருவத்தில் யூரியா, துத்தநாகத் தெளிப்பும் சேருங்கள். 5 லிட்டர் நீருக்கு 100 கிராம் யூரியா, 25 கிராம் துத்தநாக சல்பேட். நான்கிலும் ஒரே ரகம், ஒரே நாள் விதைப்பு.

அறுவடையில் ஓரம் ஒரு மீட்டரை விட்டு, உள்ளிருந்து பட்டைக்கு 20 கதிர். பெரிய கதிராகத் தேடிப் பறித்தால் சோதனையே கெடும். நடக்கும்போது கைக்கு எட்டியதை எடுங்கள். 1,000 மணியை எண்ணி எடை போடுங்கள். கம்பில் 8 முதல் 12 கிராம் வரும். விளைச்சல் கூடி, மணி எடை குறைந்திருந்தால் கடைசி நாட்களில் ஈரமோ தழைச்சத்தோ போதாமல் போயிருக்கிறது.

ஆய்வகத்துக்கு அனுப்பும் 250 கிராமைக் களத்து மண்ணில் அடித்துத் தூற்றாதீர்கள். ஒட்டிய செம்மண் தூசியே இரும்பு அளவை வெகுவாக ஏற்றிக் காட்டிவிடும். கதிரைத் துணிப்பையில் உலர்த்திக் கையால் உதிர்த்து, காகித உறையில் போடுங்கள். துத்தநாகப் பூச்சுள்ள தகர வாளியில் ஒரு நாள்கூட வைக்க வேண்டாம்.